ஈஜிபுராவில் ஒரு ஜோடிக் காது

ஆட்டோவில் ஏறி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

"அண்ணா, பின்னாடி இடது பக்கம் பேரிங் போயிடுச்சு. இன்னைக்கே பாருங்க."

"மேடம், நேத்துதான் வண்டி சர்வீஸ் ஆச்சு."

"அப்ப சர்வீஸ் பண்ணவன் காதுல பஞ்சு வெச்சினு பண்ணியிருக்கான்."

விவேக்நகர் தாண்டியதும் டிரைவர் ஓரமாக நிறுத்தினார். இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், நாங்கள் இறங்கும்வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டதைச் சொல்வதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாகப் பதிவு செய்து, எந்தக் கம்பெனியையும் நம்பாமல் வெளியிட்ட இளைஞர்கள் பலருக்கு அவர்தான் மிக்ஸிங் செய்தார். கிட்டார் ஒரு அறையிலும், டிரம்ஸ் இன்னொரு அறையிலும், குரல் யாரோ ஒருவரின் குளியலறையிலும் பதிவாகி வரும். அவற்றை ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரே பாட்டுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. இரண்டு நிமிடத்தில் கத்தி முடித்துவிடும் பங்க் குழுக்கள் வரும். லேப்டாப்பிலேயே முழுப் பாட்டையும் கட்டும் எலக்ட்ரானிக் ஆட்கள் வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மதிக்காது. அவரை இரண்டுமே மதித்தன.

ஈஜிபுராவில் மூன்றாவது மாடி. கீழே ஒரு கோழிக்கடை, அதை ஒட்டி ஒரு இஸ்திரிக் கடை. மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் அவருடைய அப்பா. உள்ளறையின் நான்கு சுவரிலும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். குரல் பதிவு எப்போதும் பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். கோழிக்கடைக்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப்போகும் நேரம் அது.

அவருக்கு அப்போது முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். என்னைவிட ஒரு வயது சின்னவர் என்று ஒருமுறை கணக்குப்போட்ட ஞாபகம். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. பதினைந்து வருடம் மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் அடுக்குக்கு அருகிலேயே நின்று ஒலி அமைத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு இந்த அறைக்குள் வந்திருந்தார்.

யாராவது பாட்டோடு வந்தால் முதலில் முழுசாகக் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். இடது கை மேஜைமேல் விரிந்திருக்கும். முடிந்ததும் ஒன்றிரண்டு வரி சொல்வார், அவ்வளவுதான். வந்தவர் முகம் சுருங்கினால், "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு வீட்டுல உங்கம்மா இருக்காங்க இல்ல? என்கிட்ட ஏன் வந்த?" என்பார்.

மென்பொருள் வேலையிலிருந்த ஒரு பையன் எட்டு மாதம் உழைத்து ஒரு பாட்டைக் கொண்டுவந்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அறுபது அடுக்கு ஒலிகள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "இதுல நீ எங்க இருக்க?" என்றார்.

"எல்லாமே நான் பண்ணதுதான் அக்கா."

"நீ பண்ணது தெரியுது குரு. நீ இருக்கறதுதான் தெரியல."

பையன் போய்விட்டான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து வந்தான். அறுபது அடுக்கு நான்காகியிருந்தது. அவர் கேட்டுவிட்டு நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டார். அவர் வேலையை ஒத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச்சின் பின்பக்கக் கூடத்தை ஒரு குழுவுக்கு ஒத்திகைக்காகக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குழுவின் டிரம்மர் பிரின்ஸி அந்தச் சபையைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். நன்றி சொல்லப் போனபோது அவரும் நானும் கூட இருந்தோம். பாஸ்டர் வயதானவர், நல்ல மனிதர். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். அக்கா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பாஸ்டர், உங்க சர்ச்சுல ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணுக்கு ஒயர் மாத்திக் குடுத்திருக்காங்க. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு அடிச்சிடுது. நடு பெஞ்சுல உக்காந்தா உங்க பிரசங்கமே கேக்காது."

பிரின்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். பாஸ்டர் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார்.

"அதான் எல்லாரும் நடு பெஞ்சுக்கு அடிச்சிக்கிறாங்களா?" என்றார்.

மறுநாள் அக்காவே ஏணி வைத்து ஏறி ஒயரை மாற்றிக்கொடுத்தார். இப்படிப்பட்ட கதைகள் அவரைப் பற்றி நிறைய உண்டு. அவரைத் தெரிந்தவர்கள் சந்தித்துக்கொண்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாக் கதையிலும் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

நான் அப்போது ஒரு ஆங்கில நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வேலை பார்த்தேன். நகரத்தின் இசை பற்றி வாரம் ஒரு பத்தி. அதற்கு முன் ஒன்பது வருடம் குற்றச் செய்தி, மாநகராட்சிச் செய்தி எழுதியவன். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று சொல்லிச்சொல்லி வளர்க்கப்பட்டவன்.

பிரின்ஸியின் குழுவில் நான்கு பேர். பாடுபவன் நவீன். கன்னட வீட்டுப் பையன், ஈஜிபுராவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழும் பேசுவான். கிட்டார், பாஸ் கிட்டார் வாசிக்க இரண்டு பேர். குழுவின் பெயர் ஒரு கன்னட வசவு. பத்திரிகையில் அதை அச்சிட முடியாது என்பதால் 'ஈஜிபுராக் குழு' என்றே எழுதிவந்தேன். அவர்களுடைய முதல் தொகுப்பு ஆறு பாட்டு. அவர் மிக்ஸ் செய்தது. இணையத்தில் வெளிவந்த அன்று அலுவலகத்தில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன்.

மூன்றாவது பாட்டில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். டிரம்ஸோடு வரும் பித்தளைத் தட்டான சிம்பலின் அடி ஒவ்வொன்றும் காதுக்குள் குத்தியது. நவீன் 'ச' என்று தொடங்கும் இடங்களில் எல்லாம் ஊசி இறங்கியது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி போட்டுக்கொண்டு கேட்டு முடித்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். கேட்பவரின் வசதியை மதிக்காத ஒலி, உடைந்த கண்ணாடியைப்போல் அறுக்கும் ஒலி, இந்த நகரத்தில் இப்படி ஒரு துணிச்சலைக் கேட்டு வெகுநாளாகிறது என்று எழுதினேன்.

காது வலித்தது என்று எழுதவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். செய்தவர் அவர். அவர் செய்தால் தெரிந்துதான் செய்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன். பங்க் இசையில் காதை வலிக்கச் செய்வதும் ஒரு வழிதான். தெரிந்து செய்ததா, தெரியாமல் நடந்ததா என்று அங்கே கேட்டுப் பிரித்துவிட முடியாது.

பத்தி வெளியான அன்று மாலை அவர் கூப்பிட்டார்.

"ஏய் பேப்பர், கண்ணாடின்னு எழுதியிருக்கியே. எங்க?"

"முழுக்கத்தான்."

போனில் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார். "உங்க ஆளுங்களுக்கு உவமை இல்லாம சோறே எறங்காது."

நானும் சிரித்துவிட்டு போனை வைத்தேன். அவர் கேட்டது உண்மையான கேள்வி என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த ஒரு வருடத்தில் சிலவற்றைப் பார்த்தேன். போனில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மெசேஜில் அனுப்பத் தொடங்கினார். உள்ளறையில் நாற்காலியைக் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டிருந்தார். ஒருநாள் மதியம் மின்சாரம் போய் மூலையிலிருந்த யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. முன்பெல்லாம் அது ஒரு தடவை கத்துவதற்குள் எழுந்துவிடுவார். அன்று அசையவே இல்லை. பிரின்ஸி எழுந்துபோய் அணைத்தாள். அவர், "ஏன் எழுந்துட்ட?" என்று கேட்டார். இவை எல்லாவற்றையும் நான் கவனித்தேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது தொகுப்பை இசைத்தட்டாகவே கொண்டுவருவது என்று குழு முடிவு செய்தது. கறுப்புத் தட்டு, ஊசி வைத்துக் கேட்பது. வெளிநாட்டில் ஒருவர் தட்டில் ஒலியை வெட்டித் தருவார். ஒருமுறை வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. பாட்டுகளை அனுப்பியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஈஜிபுரா போனபோது நவீன் படிக்கட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு போனை நீட்டினான்.

வெட்டுபவர் எழுதியிருந்த கடிதம். மிக மரியாதையான கடிதம். உங்கள் பாட்டில் கீச்சென்ற உயர் ஒலி மிகவும் அதிகம், பாடகரின் 'ச' வரும் இடங்களில் ஊசி தாங்காது, இது நீங்கள் தெரிந்தே செய்ததா என்று கேட்டிருந்தார்.

"நீ என்ன பதில் போட்ட?"

"தெரிஞ்சேதான், அப்படியே வெட்டுங்க, இதுதான் எங்க ஸ்டைல்னு போட்டேன் சார். கூட உங்க ரிவ்யூவ அட்டாச் பண்ணிட்டேன். அந்தாளு வாயத் தொறக்கல. வெள்ளிக்கிழமை மதியம் வெட்டறாரு."

"அக்காகிட்ட காட்டினியா?"

"சும்னே எதுக்கு சார்? பேஜாராயிடுவாங்க."

மேலே போனேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. முன்னறையில் அவருடைய அப்பா கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் பாறையில் துளைபோடும் கருவி பிடித்தவர். அதில் காது போனது. பேசுபவரின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். டிவியை அணைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீ பேசசொல்ல அவ எங்க பாக்கறா, கவனிச்சியா?"

"எங்க பாக்கறாங்க?"

"உன் வாய. நான் எங்க பாக்கறனோ அங்கதான்."

நான் உள்ளறைக் கதவைப் பார்த்தேன். அப்பா தாழ்ந்த குரலில் பேசத் தெரியாதவர். ஆனால் கதவு அசையவில்லை.

"எங்க ஷிஃப்டுல அத்தினி பேருக்கும் இப்படித்தான் வந்துச்சு. காது ஒரேடியா போவாது தம்பி. மொதல்ல சிட்டுக்குருவி போவும். அப்பறம் கொழந்தைங்க பேச்சு. அப்பறம் பொம்பளைங்க. என் பொண்ணுக்குக் குருவி போயிடுச்சு."

"ஈஜிபுராவுல குருவி ஏதுப்பா?"

"அதான் அவளுக்குத் தெரியல."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"செவுடன் வந்து உனக்குச் செவுடுன்னு சொன்னா எவ நம்புவா? நீ சொல்லு. பேப்பர்காரன் தானே நீ."

அன்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து இரண்டு தொகுப்பையும் மறுபடி கேட்டேன். எந்தப் பாட்டில் எத்தனையாவது நிமிடத்தில் காது வலிக்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். முதல் தொகுப்பில் பதினான்கு இடம். இரண்டாவதில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவருடைய தெருமுனைவரை போய்த் திரும்பினேன். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறினேன்.

உள்ளறையில் அவர் தனியாக இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"ரெக்கார்டுல ட்ரெபிள் ரொம்ப அதிகமா இருக்கு. காது வலிக்குது. போன தடவையும் வலிச்சுது."

"போன தடவை துணிச்சல்னு எழுதினியே."

"தப்பா எழுதினேன்."

என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். வெட்டுபவரின் கடிதத்தைப் பற்றியும், நவீன் போட்ட பதிலைப் பற்றியும் சொன்னேன். அப்பா சொன்னதைக் கடைசியாகச் சொன்னேன். அவர் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாரையும் வரச் சொல்லு," என்றார்.

மூன்று மணிக்கு நான்கு பேரும் வந்துவிட்டார்கள். அவர் கணினியில் ஒரு சின்னக் கருவியைத் திறந்தார். ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கு அவர் எப்போதும் பயன்படுத்துவது. ஒரே ஒரு ஒலி. இரைச்சல்போல் கீழே தொடங்கி, மெல்ல ஏறி, விசிலாகி, கொசுவாகி, கடைசியில் யாருக்கும் கேட்காத உயரத்துக்குப் போய் முடியும். ஏற ஏறத் திரையில் அதிர்வெண் ஓடும்.

"எல்லாரும் ஒரு கையத் தூக்குங்க. கண்ண மூடிக்கங்க. சத்தம் கேக்கற வரைக்கும் கை மேல இருக்கணும். நின்னுச்சுன்னா கீழ போட்டுடுங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது."

ஆறு கைகள் மேலே போயின. நான் கண்ணை முழுசாக மூடவில்லை. தொழில் பழக்கம். ஒலி தொடங்கியது. ஆயிரம், இரண்டாயிரம், மூன்றாயிரம். நான்காயிரத்தைத் தாண்டும்போது அவர் புருவம் சுருங்கியது. ஐயாயிரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர் கை கீழே இறங்கியது. எல்லோருக்கும் அதோடு முடிந்தது என்பதுபோல மடியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே காத்திருந்தார். ஒலி ஏறிக்கொண்டிருந்தது. ஆறாயிரம். ஏழாயிரம். யாரும் அசையும் சத்தம் வராததால் கண்ணைத் திறந்தார்.

ஐந்து கைகள் மேலே இருந்தன.

அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். எட்டாயிரம், பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். என் கை பதின்மூன்றில் இறங்கியது. கடைசியாக இறங்கியது பிரின்ஸியின் கை. பதினாறாயிரத்துக்கும் மேலே.

"இன்னொரு தடவை," என்றார் அவர்.

மூன்று தடவை ஓடவிட்டார். மூன்று தடவையும் அவர் கை ஏறக்குறைய அதே எண்ணில் இறங்கியது. அந்த எண்ணை ஒரு ஒட்டுநாடாவில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். எழுத்து வழக்கம்போல இருந்தது.

நவீன்தான் முதலில் பேசினான். "அக்கா, நமக்கு இது சக்கத்தா இருக்கு. பங்க் தானே, வலிக்கட்டும். எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

"வலிக்கணும்னு நான் முடிவு பண்ணல நவீன், எனக்குக் கேக்கலைன்னு ஏத்தினே போயிருக்கேன். நான் பண்ணாத முடிவு எப்படிடா துணிச்சலாகும்?"

என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"பிரின்ஸி, உனக்கு?"

பிரின்ஸி டிரம்ஸ் குச்சியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "மூணாவது பாட்டுக்கு மேல என்னால கேக்க முடியல அக்கா. கழட்டிடுவேன்."

"எப்பலருந்து?"

"மொத ரெக்கார்டுலருந்தே."

"ஏன் சொல்லல?"

"நீங்க வேணும்னே பண்ணீங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் புரியலையோன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஊருக்கே நீங்க சொல்றீங்க. உங்களுக்கு யாரு அக்கா சொல்றது?" என்றாள்.

முன்னறையில் அப்பாவின் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்துபோய் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார். வெட்டுபவருக்கு அவரே கடிதம் எழுதினார். மிக்ஸில் தவறு இருக்கிறது, தவறு என்னுடையது, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் புதிய மிக்ஸ் வரும், வராவிட்டால் வெட்ட வேண்டாம். நான்கு வரி. அனுப்பிவிட்டு நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்தார்.

வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று கிட்டார்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அடுத்த ரெக்கார்டு குடு. இது நான் கெடுத்தது," என்றார்.

அடுத்த இரண்டு நாள் வேலை எப்படி நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். ஒலியின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் உயர்த்தி, அதைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துவார். பிரின்ஸி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வலிக்கும் இடம் வந்ததும் மேஜையில் குச்சியால் தட்டுவாள். அவர் அந்த இடத்தில் ஒலியைக் குறைப்பார். போதுமா என்று கேட்பார். முதல் பாட்டில் பிரின்ஸி இரண்டு மூன்று தடவை சீக்கிரமாகவே போதும் என்றாள். அவர் நிறுத்தினார்.

"பாவம் பாக்கறியா?"

"இல்லக்கா."

"பாக்கற. உன் மூஞ்சில தெரியுது. பாவம் பாக்கறதுன்னா வீட்டுக்குப் போ."

அதற்குப் பிறகு பிரின்ஸி பாவம் பார்க்கவில்லை. குச்சி ஓயாமல் தட்டியது. தனக்குக் கேட்காத ஒன்று அங்கே இருப்பதாக நம்பி அவர் குறைத்துக்கொண்டே வந்தார். குறைத்த பிறகும் அவருக்குப் பாட்டு முன்பு கேட்டதுபோலவேதான் கேட்டிருக்கும். கொஞ்சம் மங்கலாகக்கூட.

அதுதான் அவர் கடைசியாக மிக்ஸ் செய்த ரெக்கார்டு. அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தார். போனது வராது, இனிமேல் சத்தத்தைத் தவிர்த்தால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் தான் மிக்ஸ் செய்த எல்லாக் குழுக்களுக்கும் எழுதினார். எனக்கு ஐயாயிரத்துக்கு மேல் கேட்கவில்லை, உங்கள் பாட்டை வேறு ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், ஃபைல் எல்லாவற்றையும் அனுப்புகிறேன் என்று. இரண்டு குழுக்கள் மட்டும் வாங்கிக்கொண்டன. மற்றவர்கள் இப்படியே நன்றாக இருக்கிறது அக்கா, மாற்ற வேண்டாம் என்று பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களை அவர் என்னிடம் காட்டினார். அந்த எண்ணை எழுதும்போது இல்லாத வருத்தம் அப்போது அவர் முகத்தில் இருந்தது.

பத்திரிகையில் திருத்தம் போடும்படி என்னிடம் கேட்டார். ஆசிரியரிடம் போனேன். தகவல் தவறென்றால் திருத்தம் உண்டு, கருத்துக்குக் கிடையாது என்றார். அது நியாயமான விதிதான். திரும்பிவந்து அவரிடம் சொன்னேன்.

"அப்ப அந்தத் துணிச்சல் அங்கயே கெடக்கும்," என்றார்.

கிடக்கிறது. இன்றும் இணையத்தில் தேடினால் என் பெயரோடு வருகிறது.

சில மாதங்களில் அப்பாவை அழைத்துக்கொண்டு ஆனேக்கலுக்குக் குடிபோனார். அங்கே ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பழுது பார்ப்பதாகக் கேள்வி. கடைக்கு ஒருமுறை போனேன். பூட்டியிருந்தது. ஓசூர் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த வெள்ளிக்கிழமை முற்பகல். பதினொன்றரை மணி. எல்லாப் பாட்டையும் வரிசையாக ஓடவிட்டார். ஒரு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இரண்டு இரவு சரியாகத் தூங்காத கண்களோடு நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டார்காரன் மெத்தைச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தான். கடைசிப் பாட்டு முடிந்தது.

"நவீன்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் அக்கா."

"பிரின்ஸி?"

"வலிக்கல அக்கா."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"பேப்பர், நீ சொல்லு."

நான்காவது பாட்டு முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு சிம்பல் அடி இன்னும் குத்திக்கொண்டிருந்தது. மிகச் சின்னக் குத்தல். மூன்று விநாடி. பிரின்ஸி இரண்டு நாளாகக் கேட்டுக்கேட்டுக் காது மரத்துப்போனதால் அவளுக்குத் தப்பியிருக்கும். தட்டை வாங்கிக் கேட்பவர்களில் பத்தில் ஒருவர்கூடக் கவனிக்கமாட்டார்கள். நான் சரி என்று சொன்னால் அது சரியாகிவிடும். இல்லை என்று சொல்ல அவரால் இனி முடியாது. எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

"நாலாவது பாட்டு," என்றேன். "முடியறதுக்கு முன்னாடி ஒரு சிம்பல். இன்னும் குத்துது."

"அய்யோ சார்," என்றான் நவீன்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. பாட்டைப் பின்னால் இழுத்து ஓடவிட்டார். அந்த இடம் வந்தது.

"இங்க," என்றேன்.

நிறுத்தினார். குறைத்தார். மறுபடி ஓடவிட்டார்.